காசில் இரட்டை எழுத்தா? பணம் கொடுக்கும் முன் உற்றுப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறி முடித்து உட்கார்ந்திருந்த நேரம். தெரிந்த பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்தார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு பட்டணத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். சட்டைப் பையிலிருந்து சிறிய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே செம்பு நிறத்தில் ஓர் அமெரிக்க ஒரு சென்ட் காசு. ஆண்டு 1955.

"தம்பி, இது டபுள் டை காசு. முகநூலில் பார்த்து 450 வெள்ளிக்கு வாங்கினேன். வெளியே விற்றால் நாலாயிரம் வெள்ளிக்கு மேல் போகுமாம். விற்றவரிடம் இதே மாதிரி இன்னும் ஐந்து இருக்கிறதாம். மொத்தமாக எடுத்தால் 2,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். பேரன் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகிறான். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அனுப்பி வைக்கட்டுமா?"

நான் பல ஆண்டுகளாகக் காசு சேர்ப்பவன். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஆண்டின் கடைசி '5' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு கோடு தெரிந்தது. மற்ற எழுத்துகள் எல்லாம் சாதாரணமாக இருந்தன. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "ஐயா, அந்த 2,000 வெள்ளியை அனுப்பாதீர்கள்" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இரட்டையாகத்தானே தெரிகிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அவருக்கு ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புலனத்திலும் டிக்டாக்கிலும் "இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் பணக்காரர்" என்ற காணொளிகள் சுற்றும் இந்தக் காலத்தில் இது பலருக்கும் உதவும்.

முறுக்கு அச்சும் காசு அச்சும்

காசில் எழுத்து இரட்டையாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் நல்ல விலை. அது எது என்று தெரிய வேண்டுமானால், காசு எப்படி அடிக்கப்படுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

முதலில் 'ஹப்' என்று ஒன்றைச் செய்வார்கள். இதைத் தாய் அச்சு என்று வைத்துக் கொள்வோம். இதில் படமும் எழுத்தும், காசில் இருப்பது போலவே, மேடாக இருக்கும். இந்தத் தாய் அச்சை ஓர் எஃகுத் துண்டின் முகத்தில் பெரும் அழுத்தத்தோடு பதிப்பார்கள். அப்போது அந்த எஃகில் படமும் எழுத்தும் பள்ளமாக விழும். அதுதான் 'டை' எனப்படும் காசு அச்சு. பிறகு, வெற்று உலோக வில்லையை இரண்டு காசு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அடிப்பார்கள். உலோகம் பள்ளங்களுக்குள் ஏறி, எழுத்து மேடாக நிற்கும். காசு தயார்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். காசு அச்சு பிறப்பது ஒரு முறை. அது அடிக்கும் காசுகளோ லட்சக்கணக்கில். பிறக்கும்போதே அச்சில் விழுந்த பிழை ஒரு வகை. உழைத்து உழைத்துத் தேய்ந்ததால் வந்த குறை இன்னொரு வகை.

நம் வீட்டு முறுக்கு அச்சை நினைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் தட்டில் நட்சத்திர ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை வெட்டும்போதே கைதவறி இரண்டு முறை வெட்டிவிட்டால், முதல் முறுக்கிலிருந்து கடைசி முறுக்கு வரை எல்லாவற்றிலும் அதே இரட்டை முள் வரும். ஆனால், சரியாக வெட்டிய தட்டு இருபது தீபாவளிக்கு உழைத்த பிறகு முனைகள் மழுங்கும். அப்போது முறுக்கின் முள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, மொண்ணையாகிக்கொண்டே வரும். முதல் வகைதான் உண்மையான டபுள் டை. இரண்டாவது, தேய்ந்த அச்சு.

1955-இல் என்ன நடந்தது?

உண்மையான டபுள் டை காசுகளில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு லிங்கன் ஒரு சென்ட். நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தல் நடந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையில் அது அடிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் தாய் அச்சை ஒரே அழுத்தில் முழுமையாகப் பதிக்க முடியாது. முதல் அழுத்தில் எஃகு இறுகிவிடும். அதை உலையில் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு, மறுபடி இளக வைத்து, இரண்டாவது முறை தாய் அச்சால் அழுத்துவார்கள். அந்த இரண்டாவது அழுத்து, முதலில் விழுந்த பள்ளத்தின் மேல் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். 1955-இல் ஓர் அச்சில் அது பொருந்தவில்லை. இரண்டாவது முறை அச்சு சற்றே திரும்பியிருந்தது. அதனால் எல்லா எழுத்துகளும் அச்சிலேயே இரண்டு முறை விழுந்துவிட்டன.

அந்த அச்சு இயந்திரத்தில் ஏறி காசு அடிக்கத் தொடங்கியது. தவறு கண்டுபிடிக்கப்பட்டபோது அந்தக் காசுகளில் ஒரு பகுதி ஏற்கெனவே நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தது. பிரித்தெடுக்க முடியாது என்று அப்படியே வெளியே விட்டார்கள். 20,000 முதல் 24,000 காசுகள் வரை புழக்கத்துக்குப் போயிருக்கும் என்பது கணிப்பு. சிகரெட் விற்கும் இயந்திரங்களில் மீதிச் சில்லறையாகப் பலருக்கு அவை கிடைத்தன.

இந்தக் காசின் முன்பக்கத்தைப் பார்த்தால் பூதக்கண்ணாடியே தேவையில்லை. இடப்பக்கம் உள்ள 'லிபர்ட்டி' என்ற சொல், மேலே வளைந்து ஓடும் 'இன் காட் வி டிரஸ்ட்' என்ற வாசகம், வலப்பக்கம் உள்ள 1955 என்ற ஆண்டு, மூன்றும் பளிச்சென்று இரட்டையாக நிற்கும். ஆனால் நடுவில் உள்ள லிங்கன் முகம் இரட்டையாகத் தெரியாது. காரணம் எளிது. அச்சு நடுப்புள்ளியைச் சுற்றித்தான் திரும்பியது. சைக்கிள் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினால் டயர் நிறைய நகரும், அச்சாணி பக்கம் அவ்வளவாக நகராது. அதே கணக்குதான். தேய்ந்துபோன நிலையில் இருந்தாலும் இந்தக் காசு இன்று ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டுகிறது.

'ஏழையின் டபுள் டை'

இப்போது பெரியவரின் காசுக்கு வருவோம். அதுவும் 1955-தான். அதுவும் பிலடெல்பியாதான். ஆனால் இரட்டையாகத் தெரிவது கடைசி '5' மட்டும். 'லிபர்ட்டி' ஒற்றை. மேலே உள்ள வாசகமும் ஒற்றை.

இந்தக் காசுக்குச் சேகரிப்பாளர்கள் நடுவே ஒரு பட்டப்பெயரே உண்டு: 'ஏழையின் டபுள் டை'. உண்மையான காசை வாங்க வசதியில்லாதவர்களுக்கு இது இருக்கட்டும் என்று வியாபாரிகள் தள்ளிவிட்ட சரக்கு. இது டபுள் டையே அல்ல. அச்சு தேய்ந்ததால் வந்த தோற்றம். விலை ஓரிரு டாலர் முதல் ஒருசில டாலர் வரைதான். நம் கணக்கில் பத்து, இருபது வெள்ளி. பெரியவர் கொடுத்தது 450.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1955 டபுள் டை என்ற காசு உண்டு. அதற்கு அவ்வளவு விலையும் உண்டு. பெரியவரின் பேரன் இணையத்தில் தேடிப் பார்த்தபோதும் அந்த விலைதான் வந்தது. அது எந்தக் காசின் விலை என்பதில்தான் ஏமாற்று இருந்தது.

அச்சு தேயும்போது என்ன ஆகிறது?

ஒவ்வோர் அடியிலும் உலோகம் சும்மா இருப்பதில்லை. பிசைந்த மாவை உள்ளங்கையால் அழுத்தினால் ஓரத்தை நோக்கி விரிவது போல, வில்லையில் உள்ள உலோகமும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அப்படி ஓடும்போது அச்சின் முகத்தை உராய்ந்துகொண்டே போகும். ஒரு முறை உராய்ந்தால் ஒன்றும் தெரியாது. பல லட்சம் முறை உராய்ந்தால், அச்சில் உள்ள எழுத்துப் பள்ளங்களின் ஓரம் மழுங்கிவிடும். கூர்மையான வாய்க்கால் வரப்பு மழையில் கரைவது போல.

வரப்பு கரைந்தால் வாய்க்கால் அகலமாகும். அச்சில் பள்ளம் அகலமானால் காசில் எழுத்து தடிக்கும். பெரும்பாலும் விளிம்பை நோக்கிய பக்கத்தில்தான் இந்தத் தடிப்பு அதிகம், ஏனென்றால் உலோகம் ஓடுவது அந்தப் பக்கம். எழுத்துக்கு வெளியே ஒரு மங்கலான மேடு, பேய் நிழல் போல நிற்கும். அதைத்தான் நம் கண் இரண்டாவது எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. 1955 காசில் ஆண்டு வலப்பக்க ஓரத்தில் இருக்கிறது. அதிலும் கடைசி '5' விளிம்புக்கு அருகில் இருக்கிறது. அதனால்தான் அது மட்டும் இரட்டையாகத் தெரிந்தது.

தேய்ந்த காசு வேறு, தேய்ந்த அச்சில் அடித்த காசு வேறு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். பல கை மாறித் தேய்ந்த காசில் எழுத்தின் தலை தட்டையாகும், தரை வழவழப்பாகும். தேய்ந்த அச்சில் அடித்த காசு, வங்கிக் கட்டிலிருந்து பிரித்த புதுக் காசாகவே இருக்கலாம். ஆனால் எழுத்து மொழுக்கென்று இருக்கும். தரையில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பும், விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும் தெரியும். "காசு புதுசு, அதனால் இது தேய்மானம் இல்லை" என்று விற்பவர் சொன்னால் ஏமாறாதீர்கள். தேய்ந்தது காசல்ல, அச்சு.

எதைப் பார்க்க வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். அதிக விலையில்லை. ஒரு மேசை விளக்கும் வேண்டும். காசை விளக்கடியில் வைத்து, மெல்ல நாலா பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரே கோணத்தில் பார்த்தால் எழுத்தின் நிழலே இரண்டாவது எழுத்து போலத் தெரியும். காசைத் திருப்பும்போது மறைந்து போகும் இரட்டை, வெறும் நிழல்.

முதலில் எழுத்தின் மூலைகளைப் பாருங்கள். உண்மையான டபுள் டையில் இரண்டு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். ஆகவே எழுத்தின் கால், தலை முனைகளில் பிளவு தெரியும். மீன் வால் போல இரண்டாகப் பிரிந்த முனை. இரண்டு எழுத்துக்கும் நடுவே தெளிவான எல்லைக் கோடு இருக்கும். இரண்டுமே உருண்டு திரண்டு மேடாக நிற்கும். தேய்ந்த அச்சில் பிளவு இருக்காது. மூலை மொத்தமும் கரைந்து போயிருக்கும். எங்கே முதல் எழுத்து முடிகிறது, எங்கே இரண்டாவது தொடங்குகிறது என்று ஊசி முனையால் காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

அடுத்து, இரட்டை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். அச்சு திரும்பியதால் வந்த உண்மை இரட்டையில், எல்லா எழுத்தும் ஒரே சுற்றில், கடிகார முள் போகும் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமோ நகர்ந்திருக்கும். டபுள் டையில் வேறு வகைகளும் உண்டு. ஆனால் எந்த வகையானாலும் நகர்வில் ஓர் ஒழுங்கு இருக்கும். தேய்ந்த அச்சில் எழுத்து விளிம்பை நோக்கி வீங்கும்; சில எழுத்துகள் இரு பக்கமும் வீங்கும்; பக்கத்து எழுத்து சும்மா இருக்கும்.

மூன்றாவது, தரையைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகவும், சுற்றியுள்ள தரை சொரசொரப்பாகவும், கோடு கோடாகவும் இருந்தால் தேய்ந்த அச்சு என்றே சந்தேகப்படுங்கள். உண்மையான டபுள் டை அச்சும் வயதானால் தேயும்தான். ஆனால் அதன் இரட்டை, அச்சு புதிதாக இருந்தபோதே வந்தது. அதனால் தரை பளபளப்பாக இருக்கும்போதே கூட இரட்டை தெளிவாகத் தெரியும்.

கடைசியாக, ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் உண்மையான டபுள் டை அச்சில் பிறந்த எல்லாக் காசிலும் இரட்டை ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே வடிவில் இருக்கும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மட்டுமல்ல, அச்சு அசல் ஒன்றே. தேய்ந்த அச்சுக் காசுகளில் ஒன்றில் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் நிறைய என்று மாறிக்கொண்டே போகும். இதனால்தான் புகழ் பெற்ற டபுள் டை காசுகள் ஒவ்வொன்றுக்கும் தெளிவான படங்களும் அடையாளங்களும் பதிவாகி இருக்கின்றன. உங்கள் காசு அந்தப் படத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால், அது அந்தக் காசு இல்லை.

ஆடிப்போன அச்சு

இன்னொரு வகை இரட்டையும் உண்டு. நம் ஊரில் விற்பனைக்கு வரும் 'இரட்டைக் காசு'களில் இதையும் அடிக்கடி பார்க்கலாம். இயந்திரத்தில் அச்சு இறுக்கமாகப் பூட்டப்படாமல் இருந்தால், காசை அடித்துவிட்டு விலகும் நொடியில் அது கொஞ்சம் ஆடும். அப்போது புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தை இடித்து நசுக்கிவிடும். எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையான, தாழ்வான, பளபளப்பான ஒரு படி உருவாகும். இதை 'மெஷின் டபுளிங்' என்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு போதும். உண்மையான டபுள் டையில் எழுத்து கூடும். இரண்டு எழுத்து சேர்ந்ததால் மொத்த அகலம் அதிகம். ஆடிப்போன அச்சில் எழுத்து குறையும். இருந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கித்தான் அந்தப் படி வந்தது, அதனால் மேலே மிஞ்சிய எழுத்து மெலிந்திருக்கும். படிக்கட்டு போலத் தட்டையாக இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய அமெரிக்கக் காசுகளில் இன்னொரு சோதனையும் உண்டு. ஆண்டுக்குக் கீழே 'டி' அல்லது 'எஸ்' என்ற சிறிய எழுத்து இருந்தால், அது டென்வர் அல்லது சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையைக் குறிக்கும். 1980-களின் இறுதி வரை புழக்கக் காசுகளில் இந்தச் சிறிய எழுத்தைத் தாய் அச்சில் சேர்க்க மாட்டார்கள். காசு அச்சு தயாரான பிறகு, தனி உளியால் கையால் அடிப்பார்கள். ஆகவே தாய் அச்சு பிசகியதால் வந்த உண்மை இரட்டையில் அந்த எழுத்து ஒற்றையாகவே நிற்கும். 1969-ஆம் ஆண்டு 'எஸ்' காசு இதற்கு நல்ல உதாரணம். மிக அரிதான அந்தக் காசில் ஆண்டும் வாசகமும் பளிச்சென்று இரட்டை. 'எஸ்' மட்டும் ஒற்றை. ஆண்டும் 'எஸ்' எழுத்தும் ஒரே பக்கம், ஒரே மாதிரி தட்டையாக நசுங்கியிருந்தால், அது ஆடிப்போன அச்சின் வேலை.

1982-க்குப் பிறகு வந்த அமெரிக்க ஒரு சென்ட் காசுகளில் மேலும் ஒரு மயக்கம் உண்டு. அவை துத்தநாகத்தின் மேல் மெல்லிய செம்பு முலாம் பூசியவை. அடிக்கும் வேகத்தில் எழுத்தோரம் முலாம் கிழிந்தால், உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகம் கோடு போல எட்டிப் பார்க்கும். படத்தில் பார்த்தால் அதுவும் இரட்டை எழுத்து போலவே இருக்கும். நிறம் மாறியிருந்தால் அது முலாம் கிழிசல்தான்.

நம் வீட்டு மைலோ டின்

பெரியவர் அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்த முறை பேரனையும் கூட்டி வந்தார். கையில் ஒரு மைலோ டின். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து சேர்த்த சில்லறை. மேசையில் பழைய நாளிதழை விரித்துக் கொட்டினோம்.

1967-இல் வெளிவந்த நாடாளுமன்றக் கட்டடம் போட்ட முதல் வரிசைக் காசுகள், 1989-இல் வந்த செம்பருத்திப் பூ போட்ட இரண்டாம் வரிசைக் காசுகள் என்று எல்லாம் இருந்தன. பம்பரம் போட்ட 5 சென், சொங்காக் பலகை போட்ட 10 சென், வெற்றிலைப் பெட்டி போட்ட 20 சென், வாவ் பட்டம் போட்ட 50 சென். 2008 ஏப்ரல் முதல் கடைகளில் கணக்கை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யத் தொடங்கிய பிறகு பார்க்கவே கிடைக்காத ஒரு சென் காசுகளும் ஒரு பிடி இருந்தன.

பேரன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில், "தாத்தா, இதுல டபுள் இருக்கு!" என்று ஒரு 20 சென்னைத் தூக்கினான். வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் விளிம்பை நோக்கி வீங்கியிருந்தன. தரையெங்கும் ஓடும் கோடுகள். பிளவு ஏதும் இல்லை. தேய்ந்த அச்சு. அதே டின்னில் இன்னும் மூன்று காசுகள் அப்படியே, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வீங்கியிருந்தன. சற்று முன் சொன்ன ஒப்பீட்டுச் சோதனையைப் பையனே செய்து பார்த்துப் புரிந்துகொண்டான்.

இதில் ஆச்சரியம் இல்லை. நம் பழைய வெள்ளி நிறக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. நிக்கல் கலந்த உலோகம் கடினமானது. அதை அடிக்கும் அச்சு சீக்கிரம் களைத்துப் போகும். அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசும் இதே கலவைதான். தேய்ந்த அச்சின் அடையாளம் அதிகம் காணப்படும் காசுகளில் அதுவும் ஒன்று. ஆகவே உங்கள் வீட்டு டின்னிலும் இப்படிப்பட்ட காசு கிடைக்கும். கிடைத்தால் வருத்தப்பட வேண்டாம். அதன் மதிப்பு அதில் எழுதியிருக்கும் அதே இருபது சென்.

வாங்கும் முன், விற்கும் முன்

காசு சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பணத்தை அதில் போடும் முன் சில விஷயங்களில் கறாராக இருங்கள்.

விற்பவரிடம், காசின் முழு முகமும் தெரியும் படம் ஒன்றும், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே தெரியும் நெருக்கமான படங்களும் கேளுங்கள். விளக்கின் திசையை மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஓர் எண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, மற்ற எழுத்துகளைக் காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள்.

பெரிய விலை சொல்லும் காசு, பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனத்தின் மூடிய பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். 'டபுள் டை' என்ற சொல் அந்தச் சான்றில் இருக்க வேண்டும். விற்பவர் உறையின் மேல் பேனாவால் எழுதியது சான்று ஆகாது.

1955 காசில் போலிகளும் நிறைய உண்டு. எழுத்து இரட்டையாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையான காசின் பின்பக்கத்தில், 'சென்ட்' என்ற சொல்லில் உள்ள 'டி' எழுத்தின் நடுக்காலுக்கு இடப்பக்கம், மயிரிழை போன்ற செங்குத்துக் கீறல்கள் இருக்கும். அந்த அச்சிலேயே இருந்த கீறல்கள் அவை. ஆண்டுக்குக் கீழே 'டி', 'எஸ்' எழுத்து எதுவும் இருக்கக் கூடாது.

எல்லா உண்மையான டபுள் டை காசுக்கும் ஒரே விலை என்றும் நினைக்க வேண்டாம். 1955-க்கு ஆயிரம் டாலருக்கு மேல். 1972-க்குச் சில நூறு டாலர். அதிகம் கிடைக்கும் 1995-க்குச் சில பத்து டாலர்தான். பூதக்கண்ணாடி வைத்தும் தேடித் தேடித்தான் பார்க்க வேண்டிய சிறிய இரட்டைகளுக்கு அதைவிடவும் குறைவு.

இன்னொன்று, இது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. குத்துவிளக்கும் செம்பும் துலக்குவது போல, பழைய காசையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். தேய்த்த காசு உண்மையிலேயே அரிய காசாக இருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும். அழுக்கோடு இருக்கட்டும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படாமல்.

பெரியவர் கொடுத்த 450 வெள்ளி திரும்பி வரவில்லை. விற்றவரின் முகநூல் பக்கமே இப்போது இல்லை. ஆனால் 2,000 வெள்ளி பத்திரமாக இருக்கிறது. பேரனின் கல்லூரிப் பதிவுக்கு அது போகும். அந்த 1955 காசைப் பெரியவர் தூக்கி எறியவில்லை. பையன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். மைலோ டின்னில் கிடைத்த அந்த 20 சென்னோடு சேர்த்து ஓர் அட்டையில் ஒட்டி, கீழே தன் கையால் 'தேய்ந்த அச்சு' என்று எழுதி வைத்திருக்கிறான். அடுத்த முறை யாராவது இரட்டைக் காசு என்று கொண்டு வந்தால், முதலில் அந்த அட்டையைத்தான் எடுத்துக் காட்டுவானாம்.